அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் யார்? காப்பகம் தேடும் குடும்பங்களுக்கு அவர் வாழ்க்கை சொல்லும் 5 விஷயங்கள்

அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. ராத்திரி எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். வீட்டில் பார்த்துக்க முடியலை என்ற நிலை வந்ததும், பல குடும்பங்கள் கூகுளில் தேடுவது ஒரு நல்ல காப்பகத்தை. நேரில் போய்ப் பார்த்தால் பளபளக்கும் தரை, ஏசி அறை, வாசலில் தோட்டம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் நல்ல இடமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்கு 120 வருடங்களுக்கு முந்தைய ஒரு கதையில் பதில் இருக்கிறது. அல்சைமர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அது ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அவரை மைக்ராஸ்கோப்பில் மூளையைப் பார்த்த விஞ்ஞானியாகத்தான் பாடப்புத்தகங்கள் காட்டுகின்றன. ஆனால் அவர் 14 ஆண்டுகள் வேலை பார்த்தது ஒரு மனநலக் காப்பகத்தில். புகழ்பெற்ற அந்த முதல் நோயாளியும் அங்கே தங்கியிருந்த ஒரு பெண்தான்.

யார் இந்த அல்சைமர்?

அலாய்ஸ் அல்சைமர் 1864 ஜூன் 14 அன்று, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் மார்க்ட்பிரைட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா எட்வர்ட், பத்திரங்களைப் பதிவு செய்யும் நோட்டரி. பையன் பெர்லின், ட்யூபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் மருத்துவம் படித்தார். 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வுக் கட்டுரைக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை. காதில் மெழுகைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது அது.

படிப்பு முடிந்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று விசித்திரமானது. மனநலம் பாதித்த ஒரு பெண்ணுடன் சில மாதங்கள் பயணத் துணையாகப் போய்வர வேண்டும். நோயாளியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை இல்லை இது. காலை முதல் இரவு வரை கூடவே இருக்கும் வேலை.

1888 இறுதியில் ஃபிராங்க்பர்ட் நகரின் மனநோய், வலிப்பு நோயாளிகளுக்கான காப்பகத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24.

அரண்மனை மாதிரி கட்டடம், உள்ளே நிலைமை வேறு

அந்தக் காப்பகம் அல்சைமர் பிறந்த அதே 1864-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்ட வைத்தவர் ஹைன்ரிச் ஹாஃப்மன் என்ற டாக்டர். குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகத்தால் உலகம் முழுக்கத் தெரிந்த அதே ஹாஃப்மன்தான். ஊருக்கு வெளியே மேட்டில், கோபுரங்களோடு கம்பீரமாக நின்ற கட்டடத்துக்கு, பைத்தியக்கார அரண்மனை என்று ஊர்க்காரர்கள் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அது இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இப்போது ஃபிராங்க்பர்ட் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது.

வெளியே அரண்மனை, சரி. உள்ளே? அந்தக் காலத்துக் காப்பகங்களில் நோயாளி கத்தினால், அடித்தால், ஓடினால் அதற்கெல்லாம் ஒரே மருந்துதான் இருந்தது. கையைக் கட்டும் சட்டை, கட்டிலோடு சேர்த்துக் கட்டும் வார், பூட்டிய தனி அறை. ஊழியர்கள் குறைவு, நோயாளிகள் அதிகம் என்பதால் கட்டிப்போடுவதுதான் சுலபம் என்ற நிலை.

1888-ல் ஹாஃப்மன் ஓய்வு பெற்றதும் புதிய இயக்குநராக வந்தவர் எமில் சியோலி. கட்டிப்போடாமல் பார்த்துக்கொள்வது என்ற கொள்கை அவருடையது. இங்கிலாந்தில் லண்டனை ஒட்டிய ஹான்வெல் காப்பகத்தில் ஜான் கொனோலி என்ற டாக்டர் 1839-லேயே இதைச் செய்து காட்டியிருந்தார். அதை ஃபிராங்க்பர்ட்டில் நடைமுறைப்படுத்த சியோலிக்குக் கிடைத்த இளம் கைதான் அல்சைமர்.

பதற்றமான நோயாளியைக் கட்டுவதற்குப் பதிலாக வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நீண்ட நேரம் உட்கார வைத்தார்கள். தோட்டத்தில் நடக்க விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியிடம் உட்கார்ந்து பேசினார்கள். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தூக்க மருந்துகளும் இருந்தன, தனி அறையும் இருந்தது. ஆனால் எது முதல் வழி, எது கடைசி வழி என்ற வரிசை மாறியது.

1889-ல் ஃபிரான்ஸ் நிஸ்ஸல் அங்கே வேலைக்கு வந்தார். மூளைச் செல்களுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் தெளிவாகப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். பகலில் வார்டு, ராத்திரியில் மைக்ராஸ்கோப் என்று அல்சைமரின் நாள்கள் ஓடின.

சொந்த வாழ்க்கையில் விழுந்த அடி

1890-களின் நடுவில் செசிலி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பணக்கார வியாபாரி ஒருவரின் விதவை அவர். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். மனைவியின் சொத்தால் அல்சைமருக்குப் பணக் கவலை இல்லாமல் போனது. பின்னாளில் மியூனிக்கில் சில காலம் சம்பளமே வாங்காமல் ஆராய்ச்சி செய்ய முடிந்ததும் அதனால்தான்.

ஆனால் 1901 பிப்ரவரியில் செசிலி இறந்துபோனார். கையில் மூன்று சின்னக் குழந்தைகள். அல்சைமரின் தங்கை எலிசபெத் வீட்டுக்கு வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அல்சைமர் இன்னும் அதிக நேரத்தை வார்டில் செலவிட ஆரம்பித்தார். அதே வருடம் நவம்பரில்தான் அந்த நோயாளி வந்தார்.

ஆகஸ்டே டெட்டர்: 51 வயதில் மறதி

ஆகஸ்டே டெட்டர் காசெல் ஊரில் 1850-ல் பிறந்தவர். கணவர் கார்ல், ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரே மகள். அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பம் 1901-ல் தடம் மாறியது.

முதலில் வந்தது சந்தேகம். கணவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு தொடர்பு என்று ஆகஸ்டே நம்பினார். அடுத்து மறதி. சமையலில் தப்பு வந்தது. பொருள்களை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டுத் தேடினார். காரணமே இல்லாமல் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தார். தெரிந்தவர்களைப் பார்த்தே பயந்தார். சில மாதங்கள் சமாளித்துப் பார்த்த கார்ல், கடைசியில் 1901 நவம்பர் 25 அன்று மனைவியைக் காப்பகத்துக்குக் கூட்டி வந்தார்.

இன்று டிமென்ஷியா நோயாளியை வீட்டில் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த வரிசை பழக்கமானதுதான். கைவிட்டுவிட்டோமோ என்ற குற்ற உணர்ச்சியோடு அந்த வாசல்படியை மிதித்த முதல் ஆளும் கார்ல் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

மறுநாள் அல்சைமர் ஆகஸ்டேவின் கட்டில் அருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். பெயரைக் கேட்டார், ஆகஸ்டே என்று பதில் வந்தது. குடும்பப் பெயரைக் கேட்டார், அதற்கும் அதே பதில். கணவர் பெயரைக் கேட்டபோதும் தன் பெயரையே சொன்னார். மதியச் சாப்பாட்டில் காலிஃப்ளவரும் பன்றி இறைச்சியும் இருந்தன. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்றார். பென்சில், பேனா, சாவி என்று ஒவ்வொன்றாகக் காட்டினால் சரியாகப் பெயர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. பெயரை எழுதச் சொன்னால் திருமதி என்பதோடு கை நின்றுவிட்டது. தன்னையே தொலைத்துவிட்டதாக ஆகஸ்டே சொன்னார்.

இதையெல்லாம் அல்சைமர் அப்படியே எழுதி வைத்தார். நோயின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மூடிய ஃபைல் இல்லை அது. என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, எப்போது அழுதார், எப்போது பயந்தார் என்று நாள்வாரியாகக் குறிப்புகள் உள்ளே போயின. புகைப்படங்களும் எடுக்கப்பட்டன.

வயதானவர்களுக்கு மறதி வருவது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். 51 வயதில் இவ்வளவு வேகமாக வந்ததுதான் அல்சைமரை நிறுத்திப் பார்க்க வைத்தது.

கட்டணம் கட்ட முடியாத கணவர்

1902-ல் அல்சைமர் ஃபிராங்க்பர்ட்டை விட்டுக் கிளம்பினார். அப்போதைய பெரிய மனநல மருத்துவரான எமில் க்ரெபெலினோடு வேலை பார்க்க ஹைடல்பர்க் போனார். 1903-ல் க்ரெபெலின் மியூனிக் போனபோது கூடவே போனார். ஆனால் ஆகஸ்டே எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. சியோலியின் ஆள்கள் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் கார்லுக்கு வேறு பிரச்சினை. குமாஸ்தா சம்பளத்தில் வருடக்கணக்காகக் காப்பகக் கட்டணம் கட்டுவது கட்டுப்படியாகவில்லை. செலவு குறைவான வேறு இடத்துக்கு மனைவியை மாற்றும் பேச்சு வந்தது. அல்சைமர் தலையிட்டார். ஆகஸ்டே ஃபிராங்க்பர்ட்டிலேயே இருக்க ஏற்பாடானது. அதற்கு ஈடாக, ஆகஸ்டே இறந்த பிறகு மருத்துவக் குறிப்புகளும் மூளையும் தனக்கு வர வேண்டும் என்பது அல்சைமரின் எதிர்பார்ப்பு. கருணை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆராய்ச்சி ஆர்வமும் சேர்ந்தே இருந்தது.

நோய் கொல்லவில்லை, படுக்கைப் புண் கொன்றது

கடைசிக் காலத்தில் ஆகஸ்டே படுத்த படுக்கையானார். கால்களை மடக்கிச் சுருண்டு கிடந்தார். மலம், சிறுநீர் போவது தெரியவில்லை. பேச்சும் போய்விட்டது. 1906 ஏப்ரல் 8 அன்று, 56-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது இறந்தார்.

இறப்புக்குக் காரணம் என்ன தெரியுமா? படுக்கைப் புண். அதில் வந்த கிருமித் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. உலகிலேயே மிகக் கவனமாகக் கவனிக்கப்பட்ட மறதி நோயாளி அவர். கட்டிப்போடாத காப்பகம், அக்கறையான டாக்டர்கள், பக்கம் பக்கமாகக் குறிப்புகள். அப்படியிருந்தும் உயிரை எடுத்தது முதுகுப் பக்கத்துத் தோல். அப்போது ஆன்டிபயாடிக் மருந்து கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூளை மியூனிக் வந்து சேர்ந்தது. வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள். செல்களுக்கு உள்ளே நூல் சிக்கல் மாதிரி முறுக்கிக்கொண்ட இழைகள். இந்த இரண்டும்தான் இன்றுவரை அல்சைமர் நோயின் அடையாளங்கள்.

கைதட்டல் இல்லாத கண்டுபிடிப்பு

1906 நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விளக்கினார் அல்சைமர். பேசி முடித்ததும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். 1907-ல் சின்னக் கட்டுரையாக வெளியானது. 1910-ல் க்ரெபெலின் தன் பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பில் இதை அல்சைமர் நோய் என்று குறிப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மியூனிக்கில் அவருடைய மாணவர்களுக்கு இன்னொரு விஷயமும் ஞாபகம் இருந்தது. மைக்ராஸ்கோப் அருகே வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தருவார். கையிலிருந்த சுருட்டை மேஜையில் வைத்துவிட்டு மறந்துபோவார். நாள் முடிவில் ஒவ்வொரு மாணவர் மேஜையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும்.

1912-ல் ப்ரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாவ் என்று அழைக்கப்படும் ஊர் அது. அங்கே போகும் வழியிலேயே, ரயிலில் உடல்நிலை மோசமானது. அதிலிருந்து அவர் முழுசாக மீளவில்லை. 1915 டிசம்பர் 19 அன்று இறந்தார். வயது 51. ஆகஸ்டே காப்பகத்துக்குள் நுழைந்த அதே வயது. ஃபிராங்க்பர்ட்டில் மனைவி செசிலியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

90 வருடம் காணாமல் போன ஃபைல்

ஆகஸ்டேவின் ஃபைல் எங்கே போனது என்று பல காலம் யாருக்கும் தெரியவில்லை. 1995 டிசம்பரில் ஃபிராங்க்பர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் பழைய ஆவணங்களுக்கு நடுவே கொன்ராட் மௌரர் என்ற மனநல மருத்துவரின் குழு அதைக் கண்டுபிடித்தது. நீல நிற அட்டை. உள்ளே 32 பக்கங்கள். அல்சைமரின் கையெழுத்தில் கேள்வியும் பதிலும். ஆகஸ்டே தன் பெயரை எழுத முயன்று பாதியில் விட்ட தாளும் இருந்தது.

இன்று நமக்கு அல்சைமரின் சிகிச்சை முறை பற்றித் தெரிவதில் பெரும்பகுதி அந்தக் காகிதங்கள் வழியாகத்தான். கட்டடம் இல்லை, டாக்டர் இல்லை, நோயாளி இல்லை. எழுதி வைத்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இப்போது காப்பகம் தேடுபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாத குடும்பங்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது. ஆகஸ்டே கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

1. கட்டிப்போடுகிறார்களா? நேரடியாகக் கேட்டால் எந்த இடமும் ஆமாம் என்று சொல்லாது. கடைசியாக எப்போது ஒருவரைக் கட்ட வேண்டி வந்தது, யார் அனுமதி கொடுத்தார், எதில் எழுதினீர்கள் என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையங்களில் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டிப்போடவும் கூடாது என்கிறது. மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பதும் ஒரு வகைக் கட்டுதான். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குச் சில மனநல மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. என்ன மாத்திரை, எதற்கு, எத்தனை நாளைக்கு என்பது குடும்பத்துக்குத் தெரிய வேண்டும்.

2. எழுதுகிறார்களா? சேர்க்கும் நாளில் அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆதார் நகல், அட்வான்ஸ், பழைய மருந்துச் சீட்டு மட்டும்தானா? அம்மாவுக்கு எந்த சாப்பாடு பிடிக்கும், எதைப் பார்த்தால் பயப்படுவார், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார் என்பதையும் கேட்டு எழுதுகிறார்களா? சேர்த்த பிறகு ஒரு வாரத்துக் குறிப்பை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏழு நாளும் ஒரே வரி இருந்தால், யாரும் பார்க்காமல் எழுதியது அது.

3. படுக்கைப் புண்ணுக்கு என்ன செய்கிறார்கள்? படுத்த படுக்கையானவர்களைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான நடைமுறை. ராத்திரியில் இதை யார் செய்கிறார், எத்தனை பேருக்கு ஒரு ஆள் என்று கேளுங்கள். பார்க்கப் போகும்போது குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பக்கம் மூன்றையும் நீங்களே பாருங்கள். தோல் சிவந்திருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள்.

4. பணம் எத்தனை வருடத்துக்கு? டிமென்ஷியா மாதக்கணக்கில் முடியும் நோய் இல்லை. ஆகஸ்டே நாலரை வருடம் காப்பகத்தில் இருந்தார். பலருக்கு அதைவிட நீளும். நோய் முற்றினால் கட்டணம் எவ்வளவு ஏறும், டயப்பர், மருந்து, மருத்துவமனைச் செலவு தனியா, எந்த நிலையில் எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்புவீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாதியில் இடம் மாற்றுவது நோயாளிக்கு மிகக் கஷ்டம். பழகிய முகமும் அறையும்தான் அவருக்கு மிச்சம்.

5. நல்ல ஆள் போய்விட்டால்? அல்சைமர் ஒரு வருடத்திலேயே ஃபிராங்க்பர்ட்டை விட்டுப் போனார். அதன் பிறகும் கவனிப்பு தொடர்ந்ததற்குக் காரணம் சியோலியின் ஒழுங்கும் அந்த ஃபைலும்தான். ஒரு நல்ல நர்ஸை நம்பிச் சேர்த்தால், அவர் வேலையை விட்ட மறுநாள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஊழியர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்கலாம்.

இன்னொன்று. காலை 11 மணிக்குச் சொல்லிவிட்டுப் போனால் எல்லா இடமும் அழகாகத்தான் தெரியும். டிமென்ஷியா நோயாளிகளுக்கு இருட்டும் நேரத்தில் பதற்றம் கூடுவது வழக்கம். ஒருமுறை சாயங்காலம் 6 மணிக்கு, ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். சத்தம் போடும் ஒருவரிடம் ஊழியர் எப்படி நடந்துகொள்கிறார், சாப்பாட்டை ஊட்டுகிறாரா, திணிக்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும். முன்கூட்டிச் சொல்லாமல் வரக்கூடாது என்று ஒரு இடம் பிடிவாதம் பிடித்தால், அடுத்த இடத்தைப் பார்ப்பது நல்லது.

முதியோர் தொடர்பான உதவி, வழிகாட்டல், புகார்களுக்கு மத்திய அரசின் எல்டர்லைன் எண் 14567-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது.